வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைவரை ஒரு புத்தாண்டு ஓட்டம்

பண்டிகை வந்தால் ஊருக்குப் போவது கொழும்புத் தமிழரின் நெடுநாள் வழக்கம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் என்று அவரவர் திசைக்கு பஸ்ஸும் ரயிலும் பிடிப்பார்கள். அண்மை ஆண்டுகளில் இதற்கு நேர்மாறான பழக்கமொன்றும் தலைகாட்டியுள்ளது. எங்கும் போகாமல் சொந்த நகரிலேயே ஒரு விடுதியில் அறை எடுத்து, இரண்டு நாள் தங்கி, சமைக்காமல் உண்டு, வீடு திரும்புவது. ஆங்கிலத்தில் இதற்கென்றே 'ஸ்ரேகேஷன்' என்றொரு சொல்லைச் செய்துவிட்டார்கள். புலம்பெயர்ந்த உறவினர் வந்து நிற்கும் நாட்களில் இந்தப் பழக்கம் இன்னும் சூடு பிடிக்கிறது.

இதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஒரேயொரு யோசனை மட்டும் உண்டு. அந்த இரண்டு நாட்களில் ஒரு விடியற்காலையை ஓட்டத்துக்கு ஒதுக்குங்கள். வெள்ளவத்தையில் தொடங்கிக் கொட்டாஞ்சேனையில் முடியுங்கள். பத்துக் கிலோமீற்றர் அளவில் வரும், இயலாதவர்கள் நடக்கலாம். உடல்நலத்துக்கு நல்லது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கும் ஓட்டத்துக்கும் இலங்கையில் பழைய உறவு. தமிழகத்து வாசகர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். தமிழரும் சிங்களவரும் ஒரே காலத்தில் கொண்டாடும் இப்புத்தாண்டையொட்டி ஊர்தோறும் விளையாட்டு விழாக்கள் நடக்கும். வழுக்குமரம் ஏறுதல், தலையணைச் சண்டை, யானைக்குக் கண் வைத்தல் எல்லாம் பிற்பகலில். காலை நிகழ்ச்சி பெரும்பாலும் மரதன் ஓட்டம்தான். மரதன் என்பது பெயரளவில். ஊரைச் சுற்றிச் சில கிலோமீற்றர் ஓடுவார்கள். வெறுங்காலோடு ஓடும் சிறுவர்களும் உண்டு.

அந்த நாட்களில் கொழும்பு வேறு நகரமாகிவிடுகிறது. கடைச் சிப்பந்திகள், மேசன்மார், முச்சக்கரவண்டிச் சாரதிகள், மலையகத்திலிருந்து வந்து வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். காலி வீதியில் குறுக்கே நின்று செருப்பைச் சரிசெய்யலாம். ஹோர்ன் சத்தம் கேட்காது. இந்நகரை அன்றாடம் சுமப்பவர்கள் யார் என்பதை அவர்கள் இல்லாத அந்த நாலைந்து நாட்கள்தாம் நமக்குச் சொல்லித் தருகின்றன.

வெள்ளவத்தையில் கடலோரமாகச் செல்லும் மெரைன் டிரைவில் தொடங்கினால் இடப்பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கடல். பம்பலப்பிட்டியைக் கடந்து கொள்ளுப்பிட்டி. அங்கிருந்து காலி வீதிக்கு ஏறி, அலரி மாளிகையைத் தாண்டினால் காலிமுகத்திடல். ஆங்கிலேய ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடக்கி 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக அதனைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொள்ளும் கல்வெட்டொன்று அங்கே உள்ளது. பிறகு கோட்டை, புறக்கோட்டை, செட்டியார் தெரு. ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குச் செல்லும் திசைக்கு எதிர்த்திசை இது. அதன்பின் கொச்சிக்கடை. பொன்னம்பல முதலியார் 1856இல் எழுப்பி, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலும், எல்லா மதத்தவரும் வந்து மெழுகுதிரி ஏற்றும் அந்தோனியார் ஆலயமும் அருகருகே இருக்கும் இடம். அதையடுத்துக் கொட்டாஞ்சேனை.

இனி, அந்தப் பெரிய காரணத்துக்கு வருகிறேன்.

போர்க்காலத்தில் இதே பாதையில் ஒரு தமிழ் இளைஞன் விடியற்காலையில் ஓடினான் என்றால், அவனை யாரோ துரத்துகிறார்கள் என்றோ, அவன் எதையோ வைத்துவிட்டு ஓடுகிறான் என்றோதான் பொருள் கொள்ளப்பட்டிருக்கும். நடப்பதற்கே அடையாள அட்டை வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜில் தங்குபவர்கள் பொலிஸ் பதிவுத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வைத்தியத்துக்கும் கடவுச்சீட்டு அலுவலுக்கும் வெளிநாட்டு விசாவுக்குமாக வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வந்தவர்கள் அந்த லொட்ஜுகளில் வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தார்கள். அதுவும் நகரத் தங்கல்தான். அதை யாரும் விடுமுறை என்று அழைக்கவில்லை.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் என்ன நடந்தது என்பதை இளைய வாசகர்கள் அறியாதிருக்கக்கூடும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட பகுதிகளின் லொட்ஜுகளிலிருந்து 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பதே சொல்லப்பட்ட நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாடியது. மறுநாளே வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

ஒரு குடிமகன் தன் நாட்டின் தலைநகரில் தங்கக் 'காரணம்' காட்ட வேண்டும் என்ற அந்த எண்ணத்துக்கு நல்ல பதில், காரணமே இல்லாமல் அங்கே தங்குவதுதான். எங்கும் போவதற்காக இல்லாமல், எதிலிருந்தும் தப்புவதற்காக இல்லாமல், சும்மா ஓடுவதுதான். விடுமுறைக் காலை ஓட்டத்தை நான் ஒரு குடியுரிமைச் செயலாகக் கருதுவது இதனால்தான்.

இரண்டு மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்பது ஒன்று. விடுதி அறைக்கு அது பொருந்தும், ஓட்டத்துக்குப் பொருந்தாது. கடற்கரைக்கு நுழைவுச்சீட்டு இல்லை. வடக்கில் காணிகளும் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளும் காத்திருக்க, கொழும்பில் ஓட்டம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்பது மற்றது. இது கனமான கேள்வி. என் பதில் இவ்வளவே: ஓரிடத்தில் கிடைத்த சுதந்திரத்தைப் பயன்படுத்தாமல் விடுவதால் இன்னோரிடத்தில் அது வந்துவிடுவதில்லை. பயன்படுத்துபவனுக்கே அது இல்லாதவனின் குறை விளங்கும்.

அந்தச் சுதந்திரம் உறுதியானது என்று நான் சொல்ல வரவில்லை. 2019 சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஒரே வாரத்தில், ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் காலிமுகத்திடலை நோக்கிய விடுதியொன்றிலும் குண்டுகள் வெடித்தன. நாடெங்கும் அன்று 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீண்டும் சோதனை, மீண்டும் சந்தேகப் பார்வை. இம்முறை அந்தப் பார்வை முஸ்லிம் சகோதரர்கள் மீது விழுந்தது. 1979இல் தற்காலிகமென்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாகி, போர் முடிந்த பின்னரும் பல ஆண்டுகள் நீடித்ததை நாம் பார்த்தோம். இன்னொரு புறம், 2022இல் அதே திடலில் போராட்டக்காரர்கள் கூடாரமிட்டுப் புத்தாண்டைக் கொண்டாடினார்கள். மே 18இல் அங்கேயே முள்ளிவாய்க்காலில் இறந்தோரைச் சிங்கள இளைஞர்களும் சேர்ந்து நினைவுகூர்ந்தார்கள். ஒரே நிலம் எதற்கும் இடமாகலாம். அங்கே யார் கால் பதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் அன்பர்களே, வெள்ளவத்தையில் புடைவைக் கடையும் நகைக்கடையும் உங்களுக்காக எப்போதும் திறந்திருக்கும். மருத்துநீர் வைத்து நீராடி, கைவிசேடம் வாங்கிய மறுநாள் காலை, வெயில் ஏறுமுன் ஐந்தரைக்கே புறப்படுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பெண்பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், கடைகள் பூட்டியிருக்கும். கொட்டாஞ்சேனையில் எங்காவது ஒரு தேநீர்க்கடை திறந்திருந்தால், இளைப்பாறும்போது அந்த லொட்ஜுகளின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஓடி முடித்த களைப்போடு கேட்கும் கதை மறக்காது.