சமையலறை யாருடையது? டொரண்டோவில் அறை தேடும் மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி

கனடாவுக்குப் படிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு நம்மூர் கன்சல்டன்சிக்காரர்கள் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் எவ்வளவு வேண்டும், வங்கியில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும், குளிருக்கு எந்த ஜாக்கெட் வாங்க வேண்டும் என்பது வரைக்கும் சொல்வார்கள். போய் இறங்கியதும் எங்கே தங்குவது, தங்கும் அறையில் நமக்கு என்ன உரிமை என்பதைப் பற்றி மட்டும் பேச்சே இருக்காது. "அங்க நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க, பாத்துக்கலாம்" என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

நானும் மாணவனாக வந்தவன்தான். இப்போது டொரண்டோவில் மென்பொருள் வேலை. செப்டம்பர், ஜனவரி இன்டேக் நெருங்கினால் உறவினர், நண்பர்கள் வழியாகப் போன் வந்துகொண்டே இருக்கும். "அண்ணா, ஸ்கார்பரோல ஒரு ரூம் கிடைச்சிருக்கு, பணம் கட்டிடலாமா?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "கிச்சன் யாரோடது?" கேலி செய்கிறேன் என்று நினைப்பார்கள். கேலி இல்லை. ஒன்டாரியோவில் சட்டம் உங்கள் பக்கம் நிற்குமா நிற்காதா என்பதைப் பல நேரங்களில் அந்தச் சமையலறைதான் முடிவு செய்கிறது.

சட்டம் நல்ல சட்டம்தான்

2006ஆம் ஆண்டின் ஒன்டாரியோ குடியிருப்பு வாடகைச் சட்டம் வாடகைக்கு இருப்பவருக்கு நல்ல பாதுகாப்பு தருகிறது. வாடகைக்கான டெபாசிட்டாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதுவும் கடைசி மாத வாடகையாகத்தான் கழிய வேண்டும், அதற்கு வருடா வருடம் வட்டியும் தர வேண்டும். சுவர் கெட்டுப்போனால் பிடித்துக்கொள்வேன் என்று தனியாக டெபாசிட் வாங்குவது சட்டவிரோதம். வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் ஏற்றலாம், 90 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். சொந்தக் குடும்பம் குடியேற வீடு வேண்டும் என்றால்கூட 60 நாள் நோட்டீஸும் ஒரு மாத வாடகை இழப்பீடும் தர வேண்டும். அப்போதும் நீங்கள் போக மறுத்தால், எல்.டி.பி. எனப்படும் வீட்டு உரிமையாளர் – வாடகைதாரர் வாரியத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை வெளியே தள்ள முடியாது. 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு அரசின் மாதிரி ஒப்பந்தப் படிவமும் கட்டாயம்.

நம் பிள்ளைகளுக்கு இது தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது வெகுகாலப் பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் வரம்பு என்றது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவரிடம் டொரண்டோவில் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டால், "அட்வான்ஸ்தானே" என்று கொடுத்துவிடுகிறார். அப்படிக் கட்டாயப்படுத்திக் கேட்பதே தவறு என்று அவருக்குத் தோன்றுவதில்லை.

சட்டத்தில் உள்ள ஓட்டை

இவ்வளவு பாதுகாப்பும் தரும் அதே சட்டத்தின் 5ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வீட்டு உரிமையாளரோ, அவரது கணவன் அல்லது மனைவியோ, பிள்ளையோ, பெற்றோரோ அதே கட்டடத்தில் குடியிருந்து, அவர்களோடு சமையலறையையோ குளியலறையையோ நீங்கள் பகிர்ந்துதான் ஆக வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தால், இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. நோட்டீஸ் கணக்கும் டெபாசிட் வரம்பும் இல்லை, வாரியத்திடமும் போக முடியாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒருவர் வீட்டை வாடகைக்கு எடுத்து, அதில் நான்கு பேரைச் சேர்த்துக்கொள்கிறார். ஒப்பந்தத்தில் அவர் பெயர் மட்டும்தான். மற்ற நால்வருக்கும் உரிமையாளருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் கிளம்பினால் இவர்களும் கிளம்ப வேண்டியதுதான்.

இந்த ஓட்டைகளில் விழுபவர் யார் என்று பாருங்கள். தனி வீடோ காண்டோவோ எடுக்கப் போனால் கிரெடிட் ஸ்கோர், வேலைக் கடிதம், உள்ளூர் ஜாமீன்தாரர் எல்லாம் கேட்கிறார்கள். நேற்று விமானத்தில் வந்து இறங்கிய மாணவரிடம் இதில் எதுவும் இருக்காது. அவருக்குக் கிடைப்பது ஒரு குடும்பத்தின் பேஸ்மென்ட் அறை, இல்லையென்றால் ஐந்து பேரில் ஒரு படுக்கை. அதாவது, பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர்தான் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

நான் படித்தபோது என் வகுப்புத் தோழன் ஒருவனை, பிப்ரவரி மாதம், தேர்வு வாரத்தில், "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க" என்றார்கள். அன்று புதன்கிழமை. வெளியே மைனஸ் 15 டிகிரி. டெபாசிட்டில் பாதி "கிளீனிங்" என்று போய்விட்டது. சமையலறை பொதுவானது என்பதால் புகார் செய்ய வாரியக் கதவும் திறக்கவில்லை.

இடமே கட்டாமல் அழைத்தார்கள்

இது தனி மனிதர்களின் பேராசை மட்டும் அல்ல. 2019இல் ஒன்டாரியோ அரசு உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, பிறகு உறையவும் வைத்தது. கல்லூரிகள் அந்த வருமானத்தை வெளிநாட்டு மாணவர்களிடம் தேடின. கட்டணம் வந்தது, அதற்கேற்ப விடுதிகள் வரவில்லை. ஸ்கார்பரோவிலோ பல அறைகளைத் தனித்தனியாக வாடகைக்கு விடும் வீடுகளுக்கு அப்போது அனுமதியே இல்லை. இருந்தவை மறைவாக இயங்கின. புகார் செய்தால் வீடே போய்விடும் என்று மாணவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 2018 மே மாதம் ஸ்கார்பரோ பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் தீப்பிடித்து 18 வயது மாணவி ஒருவர் இறந்துபோனார். அத்தகைய வீடுகளுக்கு நகரம் முழுவதும் உரிமம் வழங்கும் விதி 2024 மார்ச் 31இல்தான் நடைமுறைக்கு வந்தது.

2024 ஜனவரியில் மத்திய அரசு மாணவர் விசாக்களுக்கு உச்சவரம்பு வைத்தது. செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையும் 10,000 டாலரிலிருந்து 20,635 ஆகி, 2025 செப்டம்பரில் 22,895 ஆனது. அதன் பிறகு கூட்டம் குறைந்திருக்கிறது, வாடகையும் ஓரளவு இறங்கியிருக்கிறது. பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். 5ஆவது பிரிவு அப்படியேதான் இருக்கிறது. நெருக்கடி தணிந்த இந்த நேரத்தில் சரிசெய்யாவிட்டால் பிறகு எப்போது செய்வது?

"என் வீட்டுச் சமையலறையில் பிடிக்காத ஆளோடு நான் மாதக்கணக்கில் இருக்க வேண்டுமா?" என்று வீட்டுக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முழு வாடகைச் சட்டத்தையும் அவர் மேல் சுமத்தச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் உரிமையாளரோடு சேர்ந்து வாழ்பவருக்கு முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனாலும் நியாயமான அவகாசம் தராமல் வெளியேற்றக் கூடாது. ஒன்டாரியோவும் குறைந்தபட்சமாக மூன்றைச் சட்டமாக்கலாம்: எழுத்தில் ஒப்பந்தம், டெபாசிட்டுக்கு ஒரு மாத வரம்பு, காலி செய்ய 30 நாள். இதனால் யாருடைய வீடும் பறிபோகாது.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை

1983க்குப் பிறகு இங்கே வந்த ஈழத்தமிழர்களில் பலர் ஒரே பேஸ்மென்டில் பலராக நெருக்கியடித்து வாழ்ந்து முன்னேறியவர்கள். இன்று அவர்களில் பலர் வீட்டுக்காரர்கள். மாணவர்களை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவந்து சோறு போட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் "எங்கட பிள்ளை மாதிரித்தானே, பேப்பர் எல்லாம் என்னத்துக்கு?" என்ற அன்பான பேச்சில்தான் சிக்கல் தொடங்குகிறது. பெயர், முகவரி, வாடகை, டெபாசிட், எத்தனை நாள் நோட்டீஸ், இருவர் கையெழுத்து. ஒரு பக்கத் தாள் போதும். நாளை தகராறு வந்தால் அந்தத் தாள் வீட்டுக்காரரையும் காப்பாற்றும்.

மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். பார்க்காத அறைக்கு ஊரிலிருந்து பணம் அனுப்பாதீர்கள். முதல் இரண்டு வாரம் தற்காலிகமாக எங்காவது தங்கி, நேரில் போய்ப் பாருங்கள். ஒப்பந்தம் யார் பெயரில், பணம் வாங்குபவர்தான் உரிமையாளரா, சமையலறை யாரோடு என்று கேளுங்கள். ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். சட்டத்துக்குள் இருப்பவரிடம் கூடுதல் டெபாசிட் வாங்கியிருந்தால் ஓராண்டுக்குள் டி1 படிவத்தில் வாரியத்திடம் கேட்கலாம். வாரியம் வேகமானது அல்ல. 2023இல் ஒன்டாரியோ ஆம்புட்ஸ்மன் அறிக்கை வந்தபோது 38,000க்கும் அதிகமான மனுக்கள் தேங்கியிருந்தன. ஆனாலும் எழுத்தில் இருப்பது என்றாவது பேசும். சட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் உண்டு. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவச ஆலோசனை தரும் சமூகச் சட்ட மையங்களும் இருக்கின்றன.

சேர்க்கைக் கடிதத்தோடு கட்டண ரசீதை அனுப்பும் கல்லூரிகள், இந்த விவரங்களை ஒரு பக்கத்தில் அச்சடித்து அதோடு இணைக்கலாம். பல ஆயிரம் டாலர் கட்டும் மாணவருக்கு அந்த ஒரு பக்கத்தைத் தர அவர்களுக்கு என்ன தடை?