சில்லறைக்குள் தேடுவோர்க்கு ஒரு சொல்

மருத்துவமனையில் காத்திருப்போரிடம் சில்லறைக் காசு சேர்ந்துகொண்டே இருக்கும். தேநீர்க்கடையிலும் பேருந்திலும் மருந்துக்கடையிலும் மீதமாகக் கிடைத்த ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயும் பையின் அடியில் தங்கிவிடுகின்றன. அவற்றைக் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டி, ஆண்டையும் அதன் கீழுள்ள சிறு குறியையும் நோக்கி வகைப்படுத்துவது உலகின் பல நாடுகளில் விரும்பப்படும் ஒரு பொழுதுபோக்கு. அமெரிக்காவில் வங்கியிலிருந்து 50 நாணயங்கள் கொண்ட சுருள்களைப் பெட்டியாகவே வாங்கி வந்து, 1955ஆம் ஆண்டில் எழுத்துகள் இரட்டையாக விழுந்துவிட்ட ஒரு சென்ட் நாணயம் அகப்படுமா எனத் தேடிப் பார்த்து, எஞ்சியதை மீண்டும் வங்கியிலேயே செலுத்துவோர் உண்டு. நம் வங்கிகளிலும் 100 நாணயங்கள் அடங்கிய பாலித்தீன் பைகளைப் பெற்றுத் தேடுவோர் இருக்கின்றனர்.

இப்பழக்கத்தை நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் நாங்கள் மனமாரப் பரிந்துரைக்கிறோம். ஆனால் மருத்துவச் செலவுக்குப் பணம் தேடும் வழியாக இதனை எவரும் கருதிவிடக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்துடன் கூறுகிறோம். இவ்விரண்டிற்குமான காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தேடலின் முறையைக் காண்போம். இந்திய அரசின் நாணயச்சாலைகள் நான்கு: மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா. நாணயத்தில் பொறித்துள்ள ஆண்டின் கீழே பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் அது மும்பையில் அச்சானது. விண்மீன் இருந்தால் ஐதராபாத்து. சிறு வட்டப்புள்ளி இருந்தால் நொய்டா. குறி எதுவும் இல்லையெனில் அது கொல்கத்தா நாணயம். 1980களிலும் அதன் பின்னரும் நாணயத் தேவை பெருகியபோது, அயல்நாட்டுச் சாலைகளிலும் நமக்காக அச்சிட்டனர். 1985ஆம் ஆண்டின் ஒரு ரூபாயில் ‘எச்’ என்னும் ஆங்கில எழுத்து காணப்பட்டால், அது இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து கப்பலேறி வந்தது. அதே ஆண்டின் முதல் இலக்கத்தின் அடியில் சாய்சதுரம் இருந்தால், அது வேல்ஸ் நாட்டின் லாண்ட்ரிசாண்டில் பிறந்தது. 2000ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் ‘எம்.கே.’ என்றிருந்தால் அது சுலோவாக்கியாவின் கிரெம்னிட்சா நகரத்தது.

குறிகளோடு உலோகத்தையும் கவனிக்கலாம். 1992 முதல் வந்த சிறிய ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகினாலானது, காந்தத்தில் ஒட்டும். அதற்கு முந்தைய பெரிய ஒரு ரூபாய் செம்பும் நிக்கலும் கலந்தது, காந்தத்தைப் பொருட்படுத்தாது. கனத்த பழைய 5 ரூபாயின் எடை 9 கிராம். நாணயத்தின் மேற்பரப்பில் கோடு போல ஒரு மேடு ஓடினால், அச்சில் விழுந்த விரிசல் நாணயத்தில் பதிந்துள்ளது என்று பொருள். நடுவம் விலகிப் பிறைபோல ஓரம் வெறுமையாய் நின்றால், உலோக வில்லை சரியாக அமருமுன் அச்சு விழுந்துவிட்டது என்று அறியலாம். ஒரு பூதக்கண்ணாடி, ஒரு குறிப்பேடு, போதிய வெளிச்சம் ஆகிய மூன்றுக்குமேல் எதுவும் தேவைப்படாது.

நம் மாவட்டத்தார்க்கு இத்தேடலில் தனி மகிழ்ச்சி உண்டு. கன்னியாகுமரிக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். அவர்களோடு நான்கு சாலைகளின் நாணயங்களும் வந்து நம் கடைகளிலும் உண்டியல்களிலும் கலக்கின்றன. குமரி முனையோடு தொடர்புடைய முகங்களும் நாணயங்களில் உண்டு. 1995ஆம் ஆண்டு தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர் உருவம் பொறித்த 1, 2, 5 ரூபாய் நாணயங்கள் வெளிவந்தன. கடல்நடுவே 133 அடிச் சிலை 2000ஆம் ஆண்டு முதல் நாளில் திறக்கப்படுவதற்கு முன்பே, வள்ளுவர் நம் கைக்கு வந்துவிட்டார். 1969ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் நாகர்கோவில் மக்களவைத் தொகுதி தேர்ந்தெடுத்து அனுப்பிய காமராசருக்கு, அவருடைய நூற்றாண்டையொட்டி 5 ரூபாய் நாணயம் வந்தது. குமரிப் பாறையில் தவமிருந்த விவேகானந்தருக்கு 2013ஆம் ஆண்டில் ஒன்று வந்தது. இம்மூவரையும் ஒரே சில்லறைக் குவியலிலிருந்து கண்டெடுக்க முடிந்தால், அந்நாள் நல்ல நாளே.

வீட்டிலுள்ள பழம்பெட்டியைத் திறந்தால் இன்னும் பின்னோக்கிச் செல்லலாம். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும்வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். சங்கு பொறித்த அந்தப் பணத்தில் 1112 என்ற ஆண்டைக் கண்டு, ஒன்பது நூற்றாண்டுப் பழமையுடையது என்று வியப்போர் உண்டு. அது கொல்லம் ஆண்டு. ஆங்கில ஆண்டுக்கு 1936–37. இதனைப் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லும் தகுதி வீட்டிலுள்ள பாட்டன் பாட்டிக்கே உண்டு. படுத்த படுக்கையில் இருப்பவர் மீண்டும் ஆசிரியராகும் வாய்ப்பு அது. நோயாளியிடம் நோயைப் பற்றி மட்டுமே நாள்முழுதும் பேசிக்கொண்டிருப்பதைவிட, இத்தகைய பேச்சு அவர்க்கும் நமக்கும் ஆறுதல் தரும்.

உடலுக்கும் பயன் உண்டு. கைவிரல்களின் திறனைச் சோதிக்கவும் பயிற்றவும் நாணயங்களைப் பொறுக்கியெடுக்கச் செய்வது மறுவாழ்வு மருத்துவத்தில் வழக்கமானது. பக்கவாதத்திற்குப் பின் விரல்கள் மெல்ல மீண்டுவரும் நிலையில் இருப்போர், தம் பயிற்சியாளரைக் கேட்டுக்கொண்டு இத்தேடலில் ஈடுபடலாம். ஆனால் நாணயம் பல கைகள் மாறி வந்த பொருள் என்பதை மறத்தல் ஆகாது. பார்த்து முடித்தபின் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். உணவுத் தட்டின் அருகிலும் ஆறாத புண்ணுள்ள கையிலும் இவ்வேலை வேண்டா. தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள்ளும், நோயெதிர்ப்பு குன்றியோரின் படுக்கையிலும் நாணயக் குவியலை வைக்கக் கூடாது.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் தேவை. காசை விழுங்கிய குழந்தைக்கு வாழைப்பழமோ சோற்றுருண்டையோ கொடுத்து உள்ளே தள்ள முயல வேண்டா; தொண்டையில் விரல்விட்டு எடுக்கவும் வேண்டா; உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். விழுங்கியது காசு போலத் தோன்றும் பொத்தான் பேட்டரியாக இருந்தால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். எது என்று தெரியாத நிலையில் பேட்டரி என்றே கருதி விரைவதுதான் அறிவுடைமை.

இனி எங்கள் எச்சரிக்கைக்கு வருகிறோம். வைஷ்ணவதேவி உருவம் பொறித்த 5 ரூபாய் இருந்தால் பத்து லட்சம், பழைய 2 ரூபாய்க்கு ஐந்து லட்சம் என்றெல்லாம் கைப்பேசியில் காணொளிகள் சுற்றிவருகின்றன. அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் எவ்வளவு புரட்ட வேண்டும் என்று கணக்கிட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் நள்ளிரவில் அதனைப் பார்த்தால், பையிலுள்ள சில்லறையைக் கொட்டாமல் இருக்க மாட்டார். அதில் தவறொன்றும் இல்லை. அடுத்து நடப்பதுதான் கேடு. நாணயத்தின் படத்தை அனுப்பியதும் ‘வாங்குபவர்’ அழைக்கிறார், விலை முடிவாகிறது, பிறகு பதிவுக் கட்டணம் என்று ஒரு சிறு தொகை கேட்கிறார். அதைச் செலுத்தியதும் வரி, தரகு, அனுப்புகைச் செலவு என்று தொகை ஏறிக்கொண்டே போகிறது. நம்பிக்கைக்காக ரிசர்வ் வங்கியின் முத்திரையுடன் போலிக் கடிதமும் வந்து சேர்கிறது.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 4 அன்று ரிசர்வ் வங்கி இதுபற்றி வெளிப்படையாக அறிவித்தது. பழைய நோட்டு, நாணய விற்பனையில் தான் ஈடுபடுவதில்லை. அதற்காகக் கட்டணமோ தரகோ கேட்பதில்லை. தன் பெயரால் வசூலிக்கும் அதிகாரத்தை எவருக்கும் அளிக்கவுமில்லை என்பதே அவ்வறிவிப்பின் சாரம். எனவே நினைவில் கொள்ள ஒரே விதி போதும்: பொருளை வாங்குபவர் பணம் தருவார், பணம் கேட்பவர் வாங்குபவர் அல்லர். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், தேசிய இணையக் குற்ற உதவி எண்ணாகிய 1930ஐ உடனே அழையுங்கள். விரைந்து சொன்னால் பணம் கைமாறுமுன் தடுக்க வழியுண்டு.

உண்மையான மதிப்பையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். லட்சக்கணக்கில் அச்சாகிப் புழக்கத்தில் தேய்ந்த நாணயத்திற்குப் பெரும்பாலும் அதன் முகமதிப்பே விலை. அரிய குறியோ அச்சுப் பிழையோ உள்ளவற்றுக்குச் சேகரிப்போர் கூடுதலாகத் தருவர். அதுவும் நாணயம் தேயாமல் இருக்கும் நிலையைப் பொறுத்தது. ஆகவே, கண்டெடுத்ததைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்காதீர்கள். மெருகேறும், மதிப்புப் போய்விடும். நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி குற்றம். திருவிதாங்கூர்க் காசு போன்ற பழம்பொருள் கிடைத்தால், விற்கும் முன் கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டி விவரம் கேளுங்கள். 10 ரூபாய் நாணயத்தைச் சில கடைகளில் மறுப்பதும் அறியாமையே: அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று 2018ஆம் ஆண்டு சனவரியிலேயே ரிசர்வ் வங்கி தெளிவாக்கியுள்ளது.

ஏமாற்று இவ்வளவு மலிந்திருக்க, இப்பொழுதுபோக்கையே விலக்கிவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அக்கருத்தை நாங்கள் ஏற்கவில்லை. கலப்படப் பால் விற்கிறார்கள் என்பதற்காகக் குழந்தைக்குப் பால் கொடுப்பதை எவரும் நிறுத்துவதில்லை. மேலும், நாணயத்தைத் தாமே கையிலெடுத்துக் குறி பார்த்துப் பழகியவரை ஏமாற்றுவது கடினம். கோடிக்கணக்கில் அச்சான நாணயம் எது, அரியது எது என்பது அவர்க்குத் தெரியும். பத்து லட்சம் என்ற பேச்சைக் கேட்டதும் அவர் சிரித்துவிடுவார்.

செலவுக்கு வழியின்றித் தவிப்போர் காணொளியை நாடுமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தங்கள் சிகிச்சைக்கு இடமுண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டா. குடும்ப அட்டையையும் ஆதாரையும் கையோடு கொண்டு வந்தால் போதும். மேற்கொண்டு என்ன சான்று வேண்டுமென்பதை அங்குள்ளோர் சொல்வர். அந்தப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் படுக்கையருகே திரும்பி வந்தபின், பையிலுள்ள சில்லறையைத் துண்டில் கொட்டி, நோயாளியோடு சேர்ந்து விண்மீனையும் சாய்சதுரத்தையும் தேடுங்கள்.