சங்கிலியும் நைட் டியூட்டியும்

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கெடந்த பதிவு. ஒவ்வொரு தடவையும் பாதி எழுதிட்டு, "நமக்கெதுக்கு வம்பு"ன்னு மூடி வச்சிடுவேன். இந்த வாட்டி முடிச்சிடறதுன்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க மக்களே.

2023-ல நாங்க நாலு பேர் துரைப்பாக்கத்துல ஒரு ஃப்ளாட்ல இருந்தோம். அதுல ஒருத்தன் (பேர் வேணாம்) நாலு நாளா சரியா தூங்கல. ரிலீஸ் டென்ஷன், சரியாயிடும்னு நெனச்சோம். அஞ்சாவது நாள் ராத்திரி ஒரு மணிக்கு ரவுட்டர பிடுங்கி மடியில வச்சுகிட்டு ஹால்ல உக்காந்திருக்கான். நாம பேசறத எல்லாம் ஆபீஸ்ல கேட்டுகிட்டு இருக்காங்களாம். கத்தல, யாரையும் அடிக்கல. பயந்து போயிருந்தான், அவ்ளோதான். நடுவுல "இதுக்கு போய்ச் சேந்துரலாம்டா"ன்னு ஒரு வார்த்தை விட்டான். எங்களுக்கு கையும் ஓடல, காலும் ஓடல.

கேப் புடிச்சு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு போனோம். எமர்ஜென்சில ரத்த அழுத்தம் பாத்துட்டு, "சைக்யாட்ரிஸ்ட் காலைல பத்து மணிக்குத்தான், அப்ப வாங்க"ன்னாங்க. ரெண்டாவது இடத்துல சேத்துக்கறோம்னாங்க. ஆனா முன்பணம் கட்டணும், ரத்த சொந்தம் கையெழுத்து போடணும். அவங்க அப்பா அம்மா இருக்கறது தென்காசி பக்கம். பேசிகிட்டு இருக்கும்போதே உள்ள கம்பிக் கதவ பூட்டற சத்தம் கேட்டுச்சு. இவன் என் சட்டையப் புடிச்சுகிட்டு "வீட்டுக்கு போலாம்டா"ன்னு அழ ஆரம்பிச்சிட்டான். திரும்பி வந்துட்டோம்.

அப்புறம் நாங்க செஞ்சது, எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை. ஆன்-கால் ரோஸ்டர் போட்டோம். ரெண்டு ரெண்டு மணி நேரம் ஒருத்தன் முழிச்சிருக்கணும். கத்தி, பிளேடு எல்லாம் பீரோவுக்குள்ள. பால்கனி கதவுக்குப் பூட்டு. டீ போட்டுக் குடுத்து, அவன் சொல்றதக் கேட்டுகிட்டு, எதிர்த்துப் பேசாம... மறுநாள் சாயங்காலம் அவங்க அப்பா வந்து சேந்தார். வந்ததும் கேட்ட மொத கேள்வி: "ஆஸ்பத்திரியில சேத்துட்டியளா தம்பி?" இல்லப்பான்னு சொன்னதும் அவர் முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுது பாருங்க. எனக்கு அது தப்பான நிம்மதின்னும் பட்டுச்சு, நியாயமான நிம்மதின்னும் பட்டுச்சு.

(சட்டத்த அப்புறம்தான் படிச்சேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, முடிவெடுக்கற நிலையில இருக்கற வயசு வந்த ஆள் தானே கேட்டு சேந்துக்கலாம். தனக்காகப் பேச ரத்த சொந்தம்தான்னு இல்ல, நம்புற யாரையும் நியமிச்சுக்கலாம். அன்னிக்கு அந்தக் கவுண்டர்ல இருந்தவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல.)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த ராத்திரி அவனுக்குத் தேவைப்பட்டது ஆஸ்பத்திரியும் இல்ல, எங்க ஃப்ளாட்டும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. சாதாரணத் தெருவுல ஒரு வீடு. ஆறு இல்ல எட்டு ரூம். ராத்திரி எந்நேரமும் கதவு திறக்கும். இந்த வேலை பழகின ரெண்டு பேர் முழிச்சுகிட்டு இருப்பாங்க. டாக்டர் தினமும் வந்து பாப்பார், கூப்பிட்டா ராத்திரியிலும் வருவார். கூட அப்பாவோ நண்பனோ தங்கலாம். ஒரு வாரமோ ரெண்டு வாரமோ இருந்துட்டு வீட்டுக்குப் போலாம்.

இது நான் கண்ட கனவு இல்ல. இங்கிலாந்துல கிரைசிஸ் ஹவுஸ்னே பேரு வச்சு நடத்தறாங்க. லண்டன் இஸ்லிங்டன்ல டிரேட்டன் பார்க்ங்கற வீட்ட 1995-ல பெண்களுக்காக ஆரம்பிச்சாங்க, 12 ரூம், சின்னக் குழந்தைகளோடயும் வந்து தங்கற மாதிரி. ஆஸ்பத்திரி அட்மிஷனுக்கு மாற்றா, அரசு மருத்துவச் செலவுலயே நடந்த வீடு.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்கு சரி"ம்பீங்க. நம்ம ஊர்ல காலங்காலமா இது இருக்கு, நாமதான் அந்தக் கண்ணால பாக்கல. குணசீலம் கோயில்ல ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. 2002-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு. ரகுராம்ங்கற மனநல மருத்துவரும் அவரோட சேர்ந்தவங்களும் செஞ்சது. 2000-ல ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் இங்க ஒரு கோயில்ல வந்து தங்கின 31 பேரப் பாத்திருக்காங்க. தனியா எந்த சிகிச்சைச் சடங்கும் இல்ல. கோயில்ல அன்றாட வேலைகள்ல கலந்துகிட்டு, சராசரியா ஆறு வாரம் இருந்திருக்காங்க. நோயோட தீவிரத்த அளக்கற மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் கொறைஞ்சிருக்கு, பல மாத்திரைகள் குடுக்கற பலனுக்கு இணையான அளவு. 31 பேர்ங்கறது சின்ன எண்ணிக்கைதான், ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழுவும் இல்ல. மாத்திரைய தூக்கிப் போடுங்கன்னு நான் சொல்லவும் இல்ல. (என் நண்பன் இன்னிக்கும் மாத்திரை சாப்பிடறான், அதனாலதான் நல்லா இருக்கான்.) ஆனா பயப்படாம தங்க ஒரு எடம், பக்கத்துல மனுஷங்க, காலையில எந்திரிச்சா செய்ய ஒரு வேலை... இதுக்கும் ஒரு மதிப்பு இருக்குங்கறத மறுக்க முடியல.

சரி, அப்ப ஏர்வாடி?

ஏர்வாடிய சொல்லாம இந்தப் பேச்ச முடிக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலைல ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில தீ. 28 பேர் செத்தாங்க. ஓட முடியல, சங்கிலியால கட்டிப் போட்டிருந்தாங்க. அன்னிக்கெல்லாம் நான் நடக்கப் பழகின குழந்தை. ஆனா "தங்கும் வீடு"ன்னு நான் பேச்ச எடுத்தாலே ஆபீஸ்ல ஒரு சீனியர் இதத்தான் சொல்வார். "அப்புறம் இன்னொரு ஏர்வாடி ஆயிடும்பா."

நான் இத நேர்மாறா பாக்கறேன். ஏர்வாடியில அந்தக் கொட்டகைங்கள அரசாங்கம் கட்டல. தர்காவுக்கு வர்ற ஜனங்களுக்கு தங்க ஒரு எடம் தேவைப்பட்டுச்சு, அத யாரும் திட்டமிட்டு குடுக்கல, கெடச்சவன் கொட்டகை போட்டு காசு பாத்தான். தேவை எங்கயும் போகாது. நாம வீடு கட்டலன்னா யாரோ ஷெட்டு போடுவாங்க.

இன்னொண்ணு. சங்கிலிய கொடூரம்னு மட்டும் பாத்தா பாதிதான் புரியும். சங்கிலி ஒரு செலவுக் கணக்கு. ராத்திரி ரெண்டு ஆள் முழிச்சிருந்தா சங்கிலி வேணாம். ஆளுக்கு சம்பளம் குடுக்கணும், சங்கிலிக்கு ஒரு தடவை காசு குடுத்தா போதும். 2017 சட்டத்தோட 95-வது பிரிவு எந்த விதத்துலயும் சங்கிலி போடக் கூடாதுன்னு தடை பண்ணிடுச்சு, ரொம்ப நல்லது. ஆனா நைட் டியூட்டி ஆளுக்கு யார் சம்பளம் குடுக்கறதுன்னு முடிவு பண்ணாம விட்டா, சங்கிலிக்குப் பதிலா பூட்டு வரும், பூட்டுக்குப் பதிலா தூக்க மாத்திரை வரும்.

கணக்கே போட்டுப் பாத்தேன் (தொழில் புத்தி, என்ன பண்றது :-)). எந்த நேரமும் ரெண்டு பேர் இருக்கணும், மூணு ஷிஃப்ட், ஏழு நாள். வாரத்துக்கு 42 ஷிஃப்ட். ஒருத்தர் வாரம் ஆறு ஷிஃப்ட் பாத்தா ஏழு பேர். லீவு, காய்ச்சல், தீபாவளி எல்லாம் சேத்தா ஒன்பது பேராவது வேணும். எட்டு பேர் தங்கற வீட்டுக்கு ஒன்பது ஊழியர்! டாக்டர், சமையல் தனி. கட்டடம், வாடகை எல்லாம் பெரிய செலவே இல்ல, மனுஷங்கதான் செலவு. இத டெண்டர்ல விட்டு, கொறைஞ்ச ரேட் சொன்னவனுக்கு குடுத்தீங்கன்னா அவன் மொதல்ல வெட்டறது எதன்னு நினைக்கறீங்க? ராத்திரி ரெண்டாவது ஆளத்தான்.

அதனால அரசாங்கம் வீடு கட்டணும்னு மட்டும் நான் கேக்கல. எப்படி காசு குடுக்குதுங்கறதுதான் முக்கியம். ஒரு தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு குடுத்தா, ரூம் காலியாகவே காலியாகாது. சரியானவனையும் அனுப்ப மனசு வராது. எத்தன பேர வீட்டுக்கு அனுப்பினன்னு எண்ணிக் குடுத்தா, மூணாம் நாளே வெளிய தள்ளிடுவாங்க. ஊழியர் சம்பளத்த வருஷக் கணக்குல முழுசா குடுத்துடணும், உள்ள எட்டு பேர் இருந்தாலும் சரி, மூணு பேர் இருந்தாலும் சரி. "ஏன் அஞ்சு ரூம் காலியா இருக்கு"ன்னு ஆடிட்ல கேள்வி வரும், வரட்டும். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு ரூம் காலியா இருக்கணும்ங்கறதுக்குத்தானே வீடே. நம்ம ஆளுங்களுக்கு சொல்லவே வேணாம், ஸ்டாண்ட்பை சர்வர் சும்மாதானே ஓடுதுன்னு யாராவது நிறுத்துவோமா?

காசு நின்னா என்னாகும்ங்கறதுக்கும் உதாரணம் இருக்கு. அமெரிக்காவுல லோரன் மோஷர்ங்கற மனநல மருத்துவர் 1971-ல கலிபோர்னியாவுல சொட்டேரியான்னு ஒரு வீடு ஆரம்பிச்சார். ஒரே சமயத்துல அஞ்சாறு பேர்தான். கூட இருந்தவங்க பெரும்பாலும் டாக்டரோ நர்ஸோ இல்ல, சாதாரண ஆளுங்க. நிதி நின்னுச்சு, 1983-ல மூடியாச்சு.

தமிழ்நாட்டுல ஒண்ணுமே நடக்கலன்னு சொல்ல வரல. தெருவுல திரியற மனநோயாளிகளுக்காக அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் சேந்து நடத்தறாங்க. 1993-ல சென்னையில ஆரம்பிச்ச பான்யன் அமைப்பு, 2015-ல இருந்து 'ஹோம் அகெய்ன்'னு, வருஷக்கணக்கா காப்பகத்துல கெடந்தவங்கள சாதாரணத் தெருவுல வாடகை வீடுகள்ல நாலஞ்சு பேரா குடிவைக்குது. அக்கம்பக்கம் ஒத்துக்காதுன்னு சொல்றவங்க அதப் பாக்கணும். சமூகத்துல வாழற உரிமை, அதுக்கான வீடுகள் எல்லாம் 2017 சட்டத்துலயே எழுதியாச்சு. ஆனா இதெல்லாம் ஒண்ணு வீடே இல்லாதவங்களுக்கு, இல்ல ஆஸ்பத்திரியில இருந்து வெளிய வர்றவங்களுக்கு. வீடு இருக்கு, வேலை இருக்கு, இன்னிக்கு ராத்திரி மட்டும் தாங்க முடியலங்கற ஆளுக்கு எந்தக் கதவு?

எல்லாருக்கும் இந்த வீடு சரிப்படாது, அதையும் சொல்லிடறேன். உடம்புக்கு ஆபத்தான நிலைமைன்னா, அடுத்தவங்களுக்கு ஆபத்துன்னா ஆஸ்பத்திரிதான். தற்கொலை அபாயத்த சின்ன வீட்டுல எப்படி சமாளிப்பீங்கன்னு ஒரு டாக்டர் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்னிக்கு எங்க பால்கனிப் பூட்டவிட நல்லா சமாளிப்பாங்கன்னுதான் பதில் சொன்னேன். அவர் சிரிக்கல.

டிஸ்கி 1: நண்பன்கிட்ட படிச்சுக் காட்டி, அவன் சரின்னதுக்கு அப்புறம்தான் போடறேன். ரவுட்டர் விஷயத்த எடுத்துடவான்னு கேட்டேன், "இருக்கட்டும்டா, அதுதான் ஹைலைட்டே"ன்னுட்டான்.

டிஸ்கி 2: அன்னிக்கு எங்களுக்குத் தெரியாத ஒரு நம்பர், 14416. டெலி மனஸ், 2022 அக்டோபர்ல வந்தது, 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், இலவசம். குறிச்சு வச்சுக்குங்க. உங்க ஊர்ல நான் சொல்ற மாதிரி ராத்திரி கதவு திறக்கற வீடு ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.