கண்வலி விதைக்குக் கண்பார்வை விலைதானா?

கண்வலிக்கிழங்கு விதையைக் காயவைத்து, மூட்டை கட்டி, வியாபாரியின் போனுக்காகக் காத்திருக்கும் விவசாயிகள் ஹார்ஸ் செஸ்ட்நட் என்ற மரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நம் தோட்டத்தில் வைக்கச் சொல்லவில்லை. பால்கன் மலைப் பகுதியைச் சேர்ந்த அந்த மரத்தை ஐரோப்பிய நகரங்களில் சாலையோர நிழலுக்காக வளர்க்கிறார்கள். நம் பூந்திக்கொட்டையும் அதே தாவரக் குடும்பம்தான். அதன் கொட்டையைத் தூளாக்கித் தண்ணீரில் கலக்கினாலும் நுரை வரும். நுரைக்குக் காரணம் சபோனின்.

அந்தக் கொட்டையில் இருக்கும் சபோனின்களின் கலவைக்கு ஏசின் என்று பெயர். நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் வழியே நீர் கசிவதை இது குறைக்கிறது. நாளெல்லாம் நின்று வேலை செய்து காலில் நரம்பு சுருண்டு, பாதம் வீங்கித் தவிக்கிறவர்களுக்கு ஜெர்மனியில் இதை மருந்தாகக் கொடுக்கிறார்கள். வழக்கமான அளவு, ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் ஏசின், நாளைக்கு இரண்டு வேளை. 17 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து 2012-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வும், குறுகிய காலத்துக்கு வீக்கமும் வலியும் குறைவதாகவே சொல்கிறது. அதற்காகப் பச்சைக் கொட்டையை யாரும் மென்று தின்பதில்லை. அது நச்சு. இமயமலைப் பக்கம் வளரும் இதன் இந்திய இனத்தின் கொட்டையைக்கூட, மலைவாசிகள் தண்ணீரில் திரும்பத் திரும்ப ஊறவைத்துக் கசப்பைப் போக்கிய பிறகுதான் மாவாக்குகிறார்கள்.

நாம் பார்க்க வேண்டிய இடம் வேறு. அந்தக் கொட்டைச் சாறு மருந்தாகும்போது அதன் பளபளப்பையோ பருமனையோ வைத்து மதிப்பிடுவதில்லை. சாற்றில் 16 முதல் 20 சதவீதம் வரை ஏசின் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. கொட்டை வெறும் பாத்திரம். சரக்கு உள்ளே இருக்கிறது.

இப்போது நம் விதைக்கு வருவோம். மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பகுதிகளில் நீங்கள் விளைவிக்கும் கண்வலி விதையை அயல்நாட்டு மருந்து நிறுவனங்கள் வாங்குவது அதிலுள்ள கோல்ச்சிசினுக்காக. கீல்வாதத்துக்கு நெடுங்காலமாகப் பயன்படும் மருந்து அது. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு ஆபத்தைக் குறைக்க 0.5 மில்லிகிராம் கோல்ச்சிசின் மாத்திரைக்கு ஒப்புதல் தந்தது. தசைப்பிடிப்புக்குத் தரும் தயோகோல்ச்சிகோசைடும் இதிலிருந்து வருவதுதான். பந்தல் போட்டு, கிழங்கு வாங்கி, விடியற்காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைத்து நீங்கள் எடுக்கும் விதை, கடைசியில் மில்லிகிராம் கணக்கில் விற்கிறது.

ஆனால் உங்களிடம் அதை எப்படி வாங்குகிறார்கள்? ஒரு கை அள்ளிப் பார்த்து, நிறம் பார்த்து, "இந்த வருசம் வெளிநாட்டில் கேட்பு இல்லீங்க" என்று ஒரு விலை. அடுத்த ஆண்டு வேறு விலை. விதையில் கோல்ச்சிசின் இருப்பதே ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான். உங்கள் விதையில் 0.8, பக்கத்துத் தோட்டத்து விதையில் 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோவுக்கு உங்களிடம் 800 கிராம் மருந்து, அவரிடம் 500 கிராம். இருவருக்கும் ஒரே விலை என்றால் அந்த 300 கிராம் யார் பைக்குப் போகிறது?

உள்ளிருப்பதைப் பார்த்து விலை போடுவது நமக்குப் புதிதா என்ன? பாலுக்குக் கொழுப்பும் இதரச் சத்தும் பார்க்கிறோம். கரும்புக்குச் சர்க்கரைக் கட்டுமானம் பார்க்கிறோம். சேலத்துச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக்கு மாவுச்சத்து பாயிண்ட் பார்த்துத்தான் பணம். இவற்றைவிடப் பல மடங்கு விலையுள்ள கண்வலி விதைக்குத்தான் கண்பார்வை.

"ஏற்றுமதியாளர் எப்படியும் சோதித்துத்தான் வாங்குகிறார்" என்று வியாபாரிகள் சொல்வார்கள். உண்மைதான். அந்தச் சோதனை முடிவு உங்கள் கைக்கு வருவதில்லை என்பதுதான் என் புகார். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலேயே மாதிரி எடுத்து, அரசு சார்ந்த ஆய்வகத்தில் எச்.பி.எல்.சி. கருவியில் சோதித்து, சதவீதத்தைச் சீட்டில் எழுதித் தர ஏற்பாடு வேண்டும். அந்தச் சதவீதத்தை அடிப்படையாக வைத்து ஏலம் நடக்க வேண்டும். குறைந்தபட்ச விலை கேட்பதில் தவறில்லை. ஆனால் தரத்தை அளக்காமல் விலையை மட்டும் நிர்ணயித்தால் மோசமான விதைக்கும் அதே பணம்தான் போகும்.

நம் பக்கமும் சரிசெய்ய வேண்டியது உண்டு. காய் கரும்பச்சையாகித் தோல் சுருங்கும்வரை பொறுக்காமல் பறிப்பதும், ஈரம் காயாத விதையை மூட்டையின் அடியில் தள்ளுவதும் சோதனை வந்தால் நிற்காது. சிலருக்கு விலை குறையவும் செய்யும். அதற்கும் தயாராக இருக்க வேண்டும். இன்னொன்று: உங்கள் வீட்டு மூட்டையில் இருப்பது மாற்று மருந்தில்லாத நஞ்சு. குழந்தைகளும் ஆடுமாடும் நெருங்காத அறையில் பூட்டி வையுங்கள், விதையைக் கையுறை போட்டு அள்ளுங்கள்.

தோட்டக்கலை உதவி அலுவலர்கள் இந்த அறுவடையிலேயே ஒரு சிறு வேலையைத் தொடங்கலாம். வட்டாரத்துக்குப் பத்துத் தோட்டங்களின் விதை மாதிரியை, ரகம், பறித்த தேதி, உலர்த்திய விதம் எழுதி, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் செலவில் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவைக் கிராமத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். அடுத்த முறை வியாபாரி கை நிறைய விதையை அள்ளும்போது, பேச்சு எந்த எண்ணிலிருந்து தொடங்குகிறது என்று பார்க்கலாம்.