நாளைய தலைமுறை எம்மிடம் கேட்கவிருக்கும் கேள்வி

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் எமது கல்யாண வீடுகளிலும் மரண வீடுகளிலும் வெற்றிலைத் தட்டத்துடன் சிகரெட்டும் சுருட்டும் வைக்கப்படுவது வழக்கம். வந்தவருக்குத் தட்டத்தை நீட்டாதிருப்பது உபசாரக் குறைவாகக் கருதப்பட்டது. அலுவலக மேசைகளில் சாம்பல் கிண்ணம் இருந்தது. திரையரங்குகளில் புகை மண்டலத்தினூடாகவே படம் பார்த்தோம். அருகில் கைக்குழந்தையுடன் ஒரு தாய் அமர்ந்திருப்பதைப் பொருட்படுத்தாமல் புகைத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களே. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைத்தலைத் தடை செய்தது. இன்று கொழும்பில் ஒரு உணவகத்தினுள் எவரேனும் சிகரெட்டைப் பற்றவைத்தால் பொலிஸாருக்கு முன்னதாகப் பக்கத்து மேசையில் இருப்பவரே முகத்தைச் சுளித்துக் கொள்வார்.

இதைவிட ஆழமான மற்றொரு மாற்றத்தையும் எமது சமூகம் கண்டிருக்கின்றது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு பகுதி மக்கள் உள்ளே நுழைய முடியாமலும், அவர்களுக்கெனப் புறம்பாக வைக்கப்பட்ட பாத்திரத்திலேயே தேநீர் பெற வேண்டியவர்களாகவும் இருந்த காலம் வெகு தொலைவில் இல்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அடுத்த ஆண்டில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க் கடைப் பிரவேசத்தை நடத்தியது. 1968 இல் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் இடம்பெற்றது. அன்று அந்தப் பாகுபாட்டை நியாயப்படுத்தியவர்களில் கல்விமான்களும் இருந்தனர், பக்திமான்களும் இருந்தனர். "இது வழமை" என்பதே அவர்கள் கூறிய காரணம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அந்த வரலாற்றைப் பேச நேரும்போது தலைகுனிகின்றனர்.

எனவே, இன்று நாம் எவ்விதக் கூச்சமுமின்றிச் செய்யும் எந்தக் காரியம் நாளை எமது பேரப்பிள்ளைகளைத் தலைகுனிய வைக்கும் என்று சிந்திப்பது வீண் கற்பனையன்று. பொலித்தீன் பாவனை, பஸ்ஸில் பெண்களுக்கு இழைக்கப்படும் தொல்லைகள், பிள்ளைகளைப் பிரம்பால் திருத்தும் பழக்கம் எனப் பல பதில்கள் கூறப்படலாம். அவற்றைப் பற்றிய விவாதமேனும் நாட்டில் நடைபெற்று வருகின்றது. ஆனால், விவாதத்துக்கே வராத ஒன்று எமது வீடுகளுக்குள்ளேயே இருக்கின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள எமது வீடுகளில் வேலை செய்வோரை நாம் நடத்தும் முறையே அதுவாகும்.

காலி வீதியின் இருமருங்கிலும் உள்ள ஒழுங்கைகளில் எழுந்து நிற்கும் தொடர்மாடிகளைப் பார்ப்போம். அவற்றுள் பலவற்றில் சமையலறைக்குப் பின்புறமாக ஒரு சிறிய அறை உண்டு. ஒரு பாய் விரிக்கலாம். ஒரு பெட்டியை வைக்கலாம். பல இடங்களில் அதற்கு யன்னலும் கிடையாது. "வேலையாள் அறை, தனிக் குளியலறை" என்று விற்பனை விளம்பரங்களில் அது வசதிகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகின்றது. வீட்டிலுள்ள எல்லோரும் உண்ட பின்னரே அந்த அறைக்குரியவர் உண்கின்றார். அவருக்கென ஒரு தட்டும் ஒரு கோப்பையும் புறம்பாக வைக்கப்பட்டிருக்கும். தேநீர்க் கடையிலிருந்து சட்டத்தினாலும் போராட்டத்தினாலும் வெளியேற்றப்பட்ட அதே கோப்பைதான் எமது சமையலறைத் தட்டுகளில் அடைக்கலம் புகுந்திருக்கின்றது என்று கூறினால் அது மிகையாகாது.

அந்த அறையில் உறங்குபவர் பெரும்பாலும் மலையகத் தோட்டமொன்றின் லயன் அறையிலிருந்து வந்தவர். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவை எட்டுவதற்கே பல ஆண்டுகாலப் போராட்டம் தேவைப்பட்டது. 2021 இல்தான் அது வர்த்தமானியில் இடம்பெற்றது. வறுமை தள்ளுகின்றது, தரகர் அழைத்து வருகின்றார், நாம் ஏற்றுக்கொள்கின்றோம். இந்தச் சங்கிலியில் இறுதிக் கண்ணியாக இருப்பவர்கள் நாமே. "வீட்டு வேலைக்குப் பெண் தேவை, மலையகத்தவர் விரும்பத்தக்கது" என்ற வரி விளம்பரங்களைப் பிரசுரித்துக் கட்டணம் பெற்று வந்திருக்கும் பத்திரிகைத் துறையும் இதில் தனது பங்கை மறைக்க முடியாது.

அந்தச் சங்கிலியின் முடிவு எவ்வாறு அமையக்கூடும் என்பதற்கு இரு சம்பவங்களை நினைவுகூருவது போதுமானதாகும். 2009 ஆகஸ்ட் மாதத்தில் மஸ்கெலியாவைச் சேர்ந்த இரு சிறுமிகள் கொழும்பில் கால்வாயொன்றிலிருந்து சடலங்களாக மீட்கப்பட்டனர். இருவரும் தலைநகரில் வீட்டு வேலை செய்தவர்கள். மலையகம் கொதித்தெழுந்தது, அறிக்கைகள் வெளியாகின, பின்னர் எல்லாம் ஓய்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஜூலை மாதத்தில், கொழும்பில் அரசியல் பிரமுகர் ஒருவரது இல்லத்தில் பணிபுரிந்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் உயிரிழந்தார். வேலைக்குச் சேர்க்கப்பட்டபோது அவர் 16 வயதை எட்டியிருக்கவில்லை என்று அப்போது தெரிவிக்கப்பட்டது. அம்மரணத்துக்கான சட்டப் பொறுப்பைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி. ஆனால் பாடசாலையில் இருந்திருக்க வேண்டிய ஒரு பிள்ளை ஏன் இன்னொருவர் வீட்டுச் சமையலறையில் இருந்தாள் என்ற கேள்வி எம் அனைவருக்கும் உரியது.

சட்டத்தின் நிலையும் பெருமைப்படத்தக்கதன்று. வீட்டு வேலையாட்களுக்கெனவே இந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் 1871 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கப் பதிவுக் கட்டளைச் சட்டமாகும். வேலையாளின் நடத்தையைப் பதிவு செய்வதில் அது அக்கறை காட்டியதேயன்றி, அவரது சம்பளம், ஓய்வு, வேலை நேரம் என்பவற்றில் அன்று. 1958 இல் கொண்டுவரப்பட்ட ஊழியர் சேமலாப நிதித் திட்டம் தனியார் வீடுகளில் வேலை செய்வோரை உள்ளடக்கவில்லை. முப்பது ஆண்டுகள் ஒரே குடும்பத்துக்கு உழைத்த பெண்ணொருவர் முதுமையில் வெறுங்கையுடன் ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ பஸ் ஏறுவதற்கு இதுவே காரணம். கட்டாயக் கல்விக்கான வயதெல்லை 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்ட போதிலும், வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயது 14 ஆகவே தொடர்ந்தது. இந்த முரண்பாடு 2021 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலமே நீக்கப்பட்டது.

சர்வதேச தொழில் தாபனம் 2011 ஜூன் மாதத்தில் வீட்டுப் பணியாளருக்கான 189 ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணித்தியால ஓய்வு என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. அயலிலுள்ள தமிழ்நாட்டில் 2007 இல் வீட்டுப் பணியாளர் நலவாரியம் அமைக்கப்பட்டது. அதனால் அங்கு எல்லாம் சீராகிவிட்டது என்று நாம் கூறவில்லை. ஆயினும் வீட்டு வேலையும் ஒரு தொழில், அதைச் செய்பவரும் ஒரு தொழிலாளி என்ற ஏற்பு அங்கே அரசின் ஏடுகளில் பதிவாகியுள்ளது.

இதனை எழுதும்போது எமது வாசகர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபங்களை நாம் அறியாமலில்லை. "நாங்கள் அந்தப் பிள்ளையைச் சொந்தப் பிள்ளை போலத்தானே வைத்திருக்கின்றோம்" என்பது முதலாவது. இது பொய்யன்று, பல வீடுகளில் உண்மையான அன்பு உண்டு. எனினும், சொந்தப் பிள்ளை எந்தப் பாடசாலைக்குச் செல்கின்றது, இந்தப் பிள்ளை எங்கு செல்கின்றது? சொந்தப் பிள்ளை எந்த மேசையில் உண்கின்றது, இந்தப் பிள்ளை எங்கு உண்கின்றது? இவ்விரு கேள்விகளுக்கும் நேர்மையாகப் பதிலளித்தால் "போல" என்ற சொல்லின் தூரம் புலப்படும்.

"நாங்கள் வேலை கொடுக்காவிட்டால் அவர்கள் பட்டினி கிடப்பார்கள்" என்பது இரண்டாவது. வறுமையைக் காரணம் காட்டும் இந்த வாதம் ஒவ்வொரு அநீதிக்கும் துணையாகக் கூறப்பட்டு வந்திருக்கின்றது. வறிய குடும்பத்துக்கு உதவ விரும்புவோர் அக்குடும்பத்தின் தாய்க்கு உரிய சம்பளத்தில் வேலை கொடுக்கலாம். பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்கலாம். பிள்ளையையே அழைத்துவருவது உதவியாகாது.

மூன்றாவது ஆட்சேபம் நியாயமானது. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் குழந்தையை யார் பார்ப்பது? பிள்ளைகள் லண்டனிலும் டொரன்டோவிலும் வாழ, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தனித்திருக்கும் முதியோரை யார் பராமரிப்பது? உண்மையில் எமது முதியோர் பலரைக் குளிப்பாட்டுவதும், வேளைக்கு மருந்து கொடுப்பதும், நள்ளிரவில் எழுந்து தண்ணீர் கொடுப்பதும் இந்தப் பெண்களே. வீட்டில் ஆள் வைத்திருப்பதே தவறு என்பது எமது வாதமன்று. இத்தனை பெறுமதியான பணியைச் செய்பவருக்கு விடுமுறையும், நியாயமான சம்பளமும், உட்கார ஒரு கதிரையும் இல்லை என்பதே எமது வாதம்.

எமது மனச்சாட்சிக்கு இன்னொரு கண்ணாடியும் உண்டு. மூதூரிலிருந்து வயதை மாற்றிய கடவுச்சீட்டுடன் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்ட இளம் பணிப்பெண்ணுக்கு 2013 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது நாடே கலங்கியது. எமது பத்திகளும் கண்ணீர் வடித்தன. பணிப்பெண்களின் கடவுச்சீட்டுகளைப் பறித்து வைக்கும், ஓய்வு வழங்காத, வெளியே செல்ல அனுமதிக்காத அரபு வீடுகளை நாம் கண்டித்தோம். அது சரியே. ஆனால் எமது வீட்டில் இருப்பவரின் அடையாள அட்டை யாரிடம் இருக்கின்றது? அவர் கடைசியாக எப்போது தனியாக வெளியே சென்றார்? தைப்பொங்கலுக்கோ தீபாவளிக்கோ தன் குடும்பத்தாருடன் இருந்து எத்தனை ஆண்டுகள்? றியாத்தில் கொடுமையாகத் தெரிவது கொட்டாஞ்சேனையில் வழமையாகிவிடுவது எவ்வாறு?

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. வீட்டுப் பணியாளர்களைத் தொழிற் சட்டங்களின் முழுமையான பாதுகாப்பினுள் கொண்டுவருவதும், சேமலாப நிதியை அவர்களுக்கும் விரிவுபடுத்துவதும் அரசாங்கத்தின் கடமை. மலையகத்தின் பெயரால் பாராளுமன்றம் செல்பவர்கள் இதனைத் தேர்தல் காலத்தில் மட்டுமன்றி எப்போதும் வலியுறுத்த வேண்டும். பள்ளிச் சிறுமியொருத்தி வீட்டு வேலையில் இருப்பதைக் காணும் அயலவர்கள், "எமக்கேன் வம்பு" என்று கதவை மூடிக்கொள்ளாமல், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். ஆலய பரிபாலன சபைகளும் தேவாலயங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தங்கள் அங்கத்தவர்களிடையே இதனைப் பேசுபொருளாக்கலாம். சிறுவர்களைத் தேடும் விளம்பரங்களையும், இன்ன பிரதேசத்தவர் என்று குறித்துத் தேடும் விளம்பரங்களையும் பத்திரிகைகள் ஏற்க மறுக்க வேண்டும்.

ஆனால் சட்டம் வீட்டு வாசலில் நின்றுவிடும், சமையலறைக்குள் வராது. அங்கு நடப்பதைத் தீர்மானிப்பவர்கள் வீட்டுக்காரர்களே. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, மாதம் தவறாத சம்பளம், பெற்றோருடன் பேசத் தடையற்ற தொலைபேசி, காற்றோட்டமுள்ள உறங்குமிடம், எல்லோருக்கும் ஒரே விதமான கோப்பை. இவற்றுள் எதற்கும் வர்த்தமானி அறிவித்தல் தேவையில்லை.

பிள்ளைகள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே வளர்கின்றனர். பாடசாலையில் சமத்துவம் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டு வீடு திரும்பும் பிள்ளை, தன்னைவிட இரண்டு வயது மட்டுமே மூத்த ஒருத்தி தனது சப்பாத்தைத் துடைப்பதைப் பார்க்கின்றது. இன்று அது கேள்வி கேட்பதில்லை. ஒரு நாள் கேட்கும். அப்போது "அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்" என்று கூறித் தப்பித்துக்கொள்ள முடியாது. தேநீர்க் கடைக்காரர்களும் தம் பேரப்பிள்ளைகளிடம் அதைத்தான் கூறியிருப்பர். அந்தக் கேள்வி எழுவதற்கு முன்னதாகவே எமது வீடுகளின் வழமையை மாற்றிக்கொள்வது எமது கைகளிலேயே இருக்கின்றது என்பதை நாம் மீண்டும் வலியுறுத்த விரும்புகின்றோம்.