கடைத்தெருப் பக்கம்: கணக்கை எப்போது திருத்துவது?

சான்ட்ரிங்ஹாம் பக்கம் புதிதாகக் கடை போட்டிருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணை, என்ன சாமான் எவ்வளவு விற்கும் எண்டு போடுற கணக்கை எத்தனை நாளைக்கு ஒருக்காப் பார்க்கவேணும்?" வீட்டுச் சேமிப்பு முழுவதையும் முதலாகப் போட்டவர். இரவில் நித்திரை இல்லையாம்.

எல்லாச் சாமானுக்கும் ஒரே தவணை சொல்ல முடியாது, அன்பர்களே. கறிவேப்பிலையும் கத்தரிக்காயும் தேங்கினால் குப்பைக்குத்தான்; ஆகவே ஒவ்வொரு கொள்வனவுக்கு முன்னும் பார்க்கவேண்டும். அரிசியும் உழுந்தும் அப்படிக் கெதியில் பழுதாகா. ஆனால் கப்பலில் வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். அதற்கு மாதம் ஒருமுறை போதும். நாள்தோறும் கணக்கைக் கிண்டினால் ஒரு நல்ல சனிக்கிழமை வியாபாரத்தைக் கண்டு மயங்கி, அளவுக்கு மிஞ்சி எடுத்துவிடுவோம்.

தவணை வரும்வரை காத்திருக்க முடியாத காலங்களும் உண்டு. 2021 ஓகஸ்ட் 17 நள்ளிரவோடு நாடு பூட்டப்பட்டது. ஒக்லாந்து டிசம்பர் தொடக்கம்வரை கட்டுப்பாட்டில் கிடந்தது. நவம்பர் 4 தீபாவளியும் அதற்குள்தான். மண்டபமும் இல்லை, கலியாணமும் இல்லை. அந்த நேரம் முந்தின வருடக் கொப்பி எதற்கு உதவும்?

2023 யூலை 20 இல் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. புழுங்கலரிசிக்குத் தடை இல்லை. ஓகஸ்டில் 20 வீத வரி மட்டுமே. ஆனால் பயம் வந்த சனம் இதையெல்லாம் பிரித்துப் பார்க்குமா? அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் முண்டியடித்தார்கள். இங்குதான் கடைக்காரர் கவனிக்கவேண்டும். ஒரே கிழமையில் நாலு மூட்டை வாங்கிய வீடு பிறகு மாதக்கணக்கில் அரிசிக்கு வராது. அந்தக் கிழமை விற்பனையை நம்பிக் கூடிய விலையில் ஓடர் கொடுத்தால், கப்பல் வரும் நேரம் வாங்க ஆள் இராது. 2024 செப்டெம்பரில் அந்தத் தடையும் நீங்கியது. அதற்கு முன் கூடிய விலைக்கு வாங்கி அடுக்கியவர் பாடு?

தம்பியின் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஒரு கிழமை முழுவதும் "பனங்கட்டி: 0" என்றிருந்தது.

"ஒருவரும் கேட்கவில்லையோ?"

"இல்லை அண்ணை, முடிஞ்சுபோச்சு. நாலைந்து பேர் கேட்டிட்டுத் திரும்பிப் போச்சினம்."

அவர்களையும் எழுதிவையும் என்றேன். அடுத்த பக்கத்தில் புதிதாக ஒரு கோடு கீறத் தொடங்கினார்.