கைக்கு முன் வாய்



நம் சிங்காரப்பேட்டைப் பாடற்குழு இளைஞர் ஒருவர், ஓசூர்த் தொழிற்சாலையில் பெற்ற ஊதியத்தைச் சேர்த்து டிரம் செட் ஒன்று வாங்கினார். திருவிழா இரவில் தனியே வாசிக்க இடமளித்தோம். கைகள் பறந்தன, முடிப்போ தாளத்தில் வந்து சேரவில்லை. சிலர் நகைத்தனர். "இனித் தொடமாட்டேன், சாமி" என்று குச்சிகளை நம்மிடமே கொடுத்துவிட்டார்.

அவருக்கு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தின் கணக்கொன்றை எடுத்துரைத்தோம். பழனி சுப்பிரமணிய பிள்ளை, பாலக்காடு மணி ஐயர் ஆகிய மேதைகள் ஒளிவீசிய துறையன்றோ அது! ஆதி தாளத்தின் ஒரு சுற்றுக்கு 8 அட்சரம். அட்சரத்திற்கு 4 வீதம் 32 மாத்திரை. 'ததிங்கிணதொம்' 5 மாத்திரைச் சொல். மும்முறை கூற 15. ஆகவே 17 மாத்திரை கழித்துத் தொடங்கினால் அடுத்த சமத்தில் சரியாக இறங்கலாம். இடையிடையே 2 மாத்திரை மௌனம் விட்டால் 19 ஆகும். அப்போது 13 கழித்துத் தொடங்க வேண்டும். சொல் ஒன்றே, மௌனம் அதற்குப் புது அழகு தருகிறது.

இக்கணக்கைக் கொன்னக்கோலாக வாயால் சொல்லி, கையால் தாளமிட்டுப் பழகிய பின்னரே விரல்கள் அதனை வாசிக்கும். டிரம்முக்கும் இம்முறை பொருந்தும்.

மாலைதோறும் சொல்லிப் பழகிய அவ்விளைஞர், சென்ற ஞாயிறன்று குச்சிகளைத் திரும்பக் கேட்டு வாங்கிச் சென்றார்.

பெற்றோரே! தாளம் தவறும் பிள்ளையைப் பார்த்து நகையாதீர்கள். "முதலில் சொல்லிக் காட்டு" என்று அருகில் அமர்ந்து கேளுங்கள்.